ஐந்து மாதத்தில் வந்த கண்

வியாசர்பாடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால், ராக்கெட் கிளம்பும் நாளில் மொட்டை மாடியில் ஏறி வடக்கே பார்த்து நின்றால் போதும். ஒரு நெருப்புக் கோடு எழுந்து, கடல் பக்கம் சாய்ந்து, வெள்ளை வாலை விட்டுவிட்டு மறையும். 2009 ஏப்ரல் 20 காலையில் அப்படிக் கிளம்பிய பிஎஸ்எல்வி-சி12 இரண்டு செயற்கைக்கோள்களைச் சுமந்து போனது. ஒன்று அனுசாட். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் இஸ்ரோவின் துணையோடு பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய 40 கிலோ பெட்டி அது. மற்றொன்று ரிசாட்-2, 300 கிலோ. மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும் அதன் ரேடார் இஸ்ரேலில் செய்யப்பட்டது. மும்பைத் தாக்குதல் நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. உள்நாட்டில் உருவாகிக்கொண்டிருந்த ரிசாட்-1 தயாராகாத நிலையில், வெளியிலிருந்து வந்த ரேடாரை முன்னுக்குத் தள்ளி ஏற்றினார்கள். ஒரே ராக்கெட்டில் போன இந்த இரண்டில் முன்னது கற்றுக்கொண்டு செய்தது, அதனால் மெதுவாக வந்தது. பின்னது வாங்கியது, அதனால் வேகமாக வந்தது. படைகளுக்காகச் சிறு செயற்கைக்கோள்களை விரைந்து உருவாக்க வேண்டும் என்று இன்று எழும் குரல்களை எடைபோட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எந்த வேகத்தைத்தான் நாம் கேட்கிறோம்?

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு: அடி விழுந்த பிறகுதான் கண் தேடுவோம். 1999-இல் கார்கில், 2001 அக்டோபரில் ஒரு மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டும் டெஸ் செயற்கைக்கோள் மேலே போனது. 2008 நவம்பரில் மும்பை. அடுத்த ஏப்ரலில் ரிசாட்-2. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது, குறைந்தது 10 செயற்கைக்கோள்கள் நாட்டின் பாதுகாப்புக்காக இரவு பகலாக இயங்குகின்றன என்று இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் இம்பாலில் பேசினார். அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், 52 கண்காணிப்புச் செயற்கைக்கோள்களுக்கு அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்திருந்தது. 26,968 கோடி ரூபாய்த் திட்டம். 21 இஸ்ரோவுக்கு, 31 தனியார் நிறுவனங்களுக்கு. சிந்தூருக்குப் பிறகு அந்த அட்டவணையைச் சுருக்கச் சொல்லும் அழுத்தம் கூடியதாகச் செய்திகள் வந்தன. அவசரத்தில் பிறந்தவை சோடை போகும் என்று சொல்லிவிடவும் முடியாது. நான்கு ஆண்டு ஆயுள் குறித்து அனுப்பப்பட்ட ரிசாட்-2, பதின்மூன்று ஆண்டுகள் உழைத்துவிட்டு 2022 அக்டோபரில்தான் விழுந்தது. வாங்கியவரின் பணம் வீணாகவில்லை. அனுசாட்டோ 2012 ஏப்ரலிலேயே வளிமண்டலத்தில் எரிந்துவிட்டது. ஆயுளை மட்டும் பார்த்தால் வாங்கியது ஜெயித்தது. ஆனால் ரிசாட்-2-ஐ வாங்கியதால் அடுத்த ரேடாரை ஐந்து மாதத்தில் செய்யும் திறன் நம் கைக்கு வந்துவிடவில்லை. ரிசாட்-1 மேலே போக 2012 ஏப்ரல் வரை ஆனது.

சிறு செயற்கைக்கோள்களைப் படைகள் ஏன் கேட்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள ராயபுரம் கடற்கரையில் நின்று யோசித்தால் போதும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளைப் பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு அரை மணி நேரத்தில் இருட்டில் மறைந்தது. சேதத்தைவிட ஊர் கலைந்ததுதான் பெரிது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வங்கக் கடலில் அது சுற்றுவது தெரியாத ரகசியமல்ல. எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. இன்றைய கணக்கும் அதுதான். தரையிலிருந்து 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் பூமியை ஒரு முறை வலம்வர ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. ஓர் இடத்தின் வானத்தில் அது தொடுவானத்துக்கு மேலே தெரிவது பத்து நிமிடம் போல. அடுத்த சுற்றில் பூமி திரும்பியிருக்கும். கலம் வேறொரு தீர்க்கரேகையின் மேல் போய்க்கொண்டிருக்கும். 20 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் 12 மணி நேரத்தில் 440 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். காலையில் பார்த்து மாலையில் மறுபடி பார்த்தால் தேட வேண்டிய வட்டத்தின் குறுக்களவு 900 கிலோமீட்டரை நெருங்குகிறது. சென்னையிலிருந்து அந்தமான் போகும் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே எவ்வளவு கூர்மையான கண் என்பதைவிட எத்தனை தடவை திரும்பிவரும் கண் என்பதே கடற்படைக்கு முக்கியம். ஒரு பெரிய செயற்கைக்கோளுக்கு ஆகும் செலவில் பத்துச் சிறியவற்றைச் செய்ய முடியுமானால், பார்க்காத இடைவெளி பல மடங்கு குறையும். இந்த வாதத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. விலை மலிவு என்பதில் அவ்வளவு இல்லை. 26,968 கோடியை 52-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 500 கோடிக்கு மேல் வருகிறது. அதில் பெரியவையும் உண்டு, தரை ஏற்பாடுகளும் சேரும் என்றே வைத்துக்கொள்வோம்; அப்போதும் மலிவு என்ற சொல் நாக்கில் சரியாக உட்காரவில்லை.

ஆனால் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஈடுகட்டாது. ஒளியின் இயல்பு எவருக்கும் சலுகை தருவதில்லை. 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும், ஏறக்குறைய ஒரு மீட்டருக்குக் குறைந்த விவரம் கலங்கிவிடும். ஒரு கப்பல் இருக்கிறது என்று சொல்ல இது தாராளம். அதன் மேல்தளத்தில் இருப்பது ஏவுகணையா, தார்ப்பாய் போர்த்திய பெட்டியா என்று சொல்ல இது போதாது. ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி வேண்டுமென்றால் கலம் சிறியதாக இருக்காது. ரேடாரின் சங்கடம் வேறு: அது தானே அலையை அனுப்பித் தானே எதிரொலியைக் கேட்க வேண்டும், மின்சாரம் குடிக்கும். சிறு கலத்தின் சூரியத் தகடும் மின்கலமும் ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடங்களுக்கு மட்டுமே அந்தச் செலவைத் தாங்கும். மிச்ச நேரமெல்லாம் அது மேலே போய்க்கொண்டிருக்கும், பார்த்துக்கொண்டிருக்காது. விளம்பரப் படங்களில் இந்த வேறுபாடு வருவதில்லை. எதிரியும் சும்மா இருப்பதில்லை. மூன்று புகைபோக்கி உள்ள எம்டன், நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டுதான் 1914 அக்டோபரில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. பார்த்தவர்கள் பிரிட்டிஷ் கப்பல் என்று நினைத்தார்கள். கண் இருந்தது, படமும் கண்ணில் விழுந்தது, அதற்குச் சொன்ன பொருள்தான் தவறு. இன்று கப்பல்கள் தங்கள் அடையாளத்தை ஒலிபரப்பும் கருவியையே பொய் சொல்ல வைக்கின்றன. படம் ஆயிரக்கணக்கில் குவியும்போது அதைப் படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையும் கூட வேண்டும். அந்தக் கணக்கை எந்த அறிவிப்பிலும் காண முடியவில்லை.

இனி வேகத்துக்கு வருவோம். செயற்கைக்கோளை ஓராண்டில் கட்டிவிட முடியும் என்பதில் இப்போது சந்தேகமில்லை. அமெரிக்கர்கள் இருபது ஆண்டுக்கு முன்பே செய்துகாட்டினார்கள். டாக்சாட்-1 என்ற படைத்துறைச் சிறுகலம் ஏறத்தாழ ஓராண்டில் உருவாகி 2004-இல் தயாராக நின்றது. அதை ஏற்றிப்போக வேண்டிய ஃபால்கன்-1 ராக்கெட்தான் தயாராகவில்லை. ஆண்டுகள் ஓடின. கடைசியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. கலம் விண்ணுக்குப் போகவே இல்லை. கல்யாணச் சமையல் முடிந்தது, மாப்பிள்ளை வரவில்லை. இதற்கு நேரெதிர் உதாரணமாக எல்லோரும் காட்டுவது விக்டஸ் நாக்ஸ் என்ற அமெரிக்கப் படைத்துறைப் பயணம். 2023 செப்டம்பரில் உத்தரவு கிடைத்த 27 மணி நேரத்தில் ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் ராக்கெட் கிளம்பியது. அடுத்த 37 மணி நேரத்தில் கலம் வேலைக்குத் தயாரானது. சாதனைதான். ஆனால் அந்த 27 மணிக்கு முன்னால் ராக்கெட்டும் கலமும் ஆட்களும் ஏற்கெனவே தயாராகி உத்தரவுக்காகக் காத்துக் கிடந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீயணைப்பு வண்டி மூன்று நிமிடத்தில் வருகிறதென்றால், வருஷம் முழுக்க அது நிலையத்தில் சம்பளத்தோடு நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் காத்திருப்புக்குப் பணம் ஒதுக்க மனமிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம்மிடம் அதற்கென்று வடிவமைத்த ராக்கெட் எஸ்எஸ்எல்வி. 34 மீட்டர் உயரம், 500 கிலோ வரை சுமக்கும். சில நாட்களில், சிறு குழுவே கூட்டிச் சேர்த்துவிடலாம் என்பது அதன் பெருமை. முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வில் முடுக்கத்தை அளக்கும் கருவிகள் சில கணங்கள் அளவுக்கு மீறிய எண்களைக் காட்டின. கருவிகள் கெட்டுவிட்டன என்று ராக்கெட்டின் கணினி முடிவுகட்டி மாற்றுவழிக்குத் தாவியது. கருவிகள் கெடவில்லை. வட்டப்பாதைக்குப் பதில் 356-க்கு 76 கிலோமீட்டர் என்ற கோணல் பாதையில் கலங்கள் விடப்பட்டு, உடனே விழுந்தன. இஓஎஸ்-02-உடன் அழிந்தது சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா 750 மாணவிகளைக் கொண்டு செய்த ஆசாதிசாட். ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, திருத்திய ராக்கெட் வெற்றிகரமாகப் போனது, ஆசாதிசாட்-2-ம் போனது. தவறிலிருந்து இவ்வளவு சீக்கிரம் மீண்டது சிறியவற்றின் குணம். ஆனால் அதற்கடுத்த பயணத்துக்கு 18 மாதம் ஆனது: 2024 ஆகஸ்ட் 16. ஒரு வாரத்தில் கூட்டக்கூடிய ராக்கெட் அந்த இரண்டு ஆண்டில் மூன்று முறைதான் பறந்தது. ராக்கெட்டின் மேல் பழி போடுவதற்கில்லை. அது வேண்டும் என்று வரிசையில் நிற்கும் கலங்களும், அதைத் தொடர்ந்து செய்யும் தொழிற்சாலையும் இல்லை. 2025-இல் எச்ஏஎல் அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றிருப்பதும், குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய ஏவுதளமும் இந்தக் குறையைத்தான் குறிவைக்கின்றன. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே ஏவலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகும்போது இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வீணாகும் எரிபொருள் மிச்சம். சிறிய ராக்கெட்டுக்கு அந்த மிச்சம்தான் லாபமே.

சிறியவை பலவாக இருந்தால் ஒன்று போனாலும் மற்றவை நிற்கும் என்பது ஆதரவாளர்களின் வலுவான பேச்சு. 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 தவறியபோது 1,696 கிலோ எடையுள்ள இஓஎஸ்-09 ரேடார் செயற்கைக்கோள் மொத்தமாகப் போனது. சிந்தூர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நேரம். ஒரே கலத்தை நம்பியதன் விலை இது என்று அப்போது சொன்னார்கள். சரிதான். ஆனால் 2026 ஜனவரி 12 அன்று பிஎஸ்எல்வி-சி62-ம் மூன்றாம் கட்டத்தில் தடுமாறியது. டிஆர்டிஓவின் அன்வேஷா என்ற இஓஎஸ்-என்1 கலமும், கூடச் சென்ற 15 சிறு கலங்களும் சுற்றுப்பாதையை எட்டவில்லை. கலம் பதினாறாகப் பிரிந்திருந்தும் ஏறிய வண்டி ஒன்றே. ஆபத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் கலத்தைச் சிறிதாக்குவது பாதி வேலை. ஏவுகலத்தையும் பிரிக்க வேண்டும். அப்படியானால் எலான் மஸ்க்கின் ராக்கெட்டில் அனுப்பிவிடலாமே என்று கேட்பார்கள். அனுப்புகிறார்கள்தான். ஆமதாபாத்தில் கட்டிய அசிஸ்டாவின் ஏஎஃப்ஆர் 2023-இலும், கர்நாடகத்தின் வேமகல்லில் டாடா நிறுவனம் கூட்டிய டிசாட்-1ஏ 2024-இலும் அமெரிக்க ராக்கெட்டில்தான் போயின. அமைதிக் காலத்துக்கு இது கெட்டிக்காரத்தனம். போர்க் காலத்துக்கு இதுவே பிடி. 2025 மார்ச்சில் உக்ரைனுக்குத் தந்துகொண்டிருந்த வணிகச் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்கா சில நாள் நிறுத்திவைத்தது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த கண் ஒரு நிர்வாக உத்தரவில் மூடிக்கொண்டது. படத்தை நிறுத்த முடிந்தவருக்கு ராக்கெட்டை நிறுத்துவது இன்னும் எளிது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: படைகளுக்கு வேண்டியது வேகமாகச் செய்த ஒரு செயற்கைக்கோளைவிட, ஓயாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு பட்டறை. கணக்கு எளியது. தாழ்பாதைச் சிறுகலத்தின் ஆயுளை ஐந்து ஆண்டு என்று வைத்தால், 50 கலங்கள் கொண்ட அணியைக் கலையாமல் வைத்திருக்க ஆண்டுக்குப் பத்து, அதாவது ஐந்து வாரத்துக்கு ஒன்று, செய்து ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். குறுகிய ஆயுளைக் குறை என்று சொல்வார்கள். புதிய கருவிகளை ஐந்து ஆண்டுக்கொரு முறை புகுத்த வழி என்பதால் அது நிறையும்தான். ஆனால் தொடர் உற்பத்தி இல்லாத நாட்டுக்கு அது வட்டியோடு வரும் கடன். வடசென்னைக்கு இந்தப் பாடம் புதிதில்லை. 1950-களில் ராணுவத்துக்கும் காவல்துறைக்குமாக 800 புல்லட் மோட்டார் சைக்கிள்களுக்கு அரசு ஆர்டர் கொடுத்தது. 1955-இல் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்து இறங்கியவற்றைச் சென்னையில் பூட்டி ஓட்டத் தொடங்கினார்கள். திருவொற்றியூர் ஆலை எழுந்தது. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின. அந்த 800-ஐ மட்டும் அவசரத்துக்கு இறக்குமதி செய்து நிறுத்தியிருந்தால் இன்று உதிரிப் பாகத்துக்குக்கூட ஆள் இருந்திருக்காது. எண்ணூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டையும் படைகள் நம்புவது, வண்டி பழுதானால் மறுநாள் பாகம் கிடைக்கும் என்பதால்தான்.

செயற்கைக்கோள் மோட்டார் சைக்கிள் இல்லையே, வியாசர்பாடி லேத் பட்டறையில் கடைந்தெடுக்க முடியுமா என்று மறுப்பு வரும். முழுக் கலத்தையும் முடியாது. ஆனால் ஒரு சிறுகலத்தைப் பிரித்து மேசை மேல் பரப்பினால், அலுமினியச் சட்டங்கள், தாங்கிகள், கருவிப் பெட்டிகள், கேபிள் கட்டுகள், பிரிக்கும் ஸ்பிரிங்குகள் என்று எடையில் கணிசமான பகுதி இயந்திரப் பட்டறை வேலைதான். சில பத்து மைக்ரான் துல்லியத்துக்குக் கடைவது சிஎன்சி போட்ட பட்டறைகளுக்குப் பெரிய காரியமில்லை. தடுப்பது வேறு: எந்த உலோகக் கட்டியிலிருந்து எந்தப் பாகம் வந்தது என்று கடைசித் திருகு வரை எழுதிவைக்கும் ஒழுங்கு, அதிர்வு மேடை, வெற்றிட அறைச் சோதனை, சான்றிதழ். ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டும் ஒருவர் இந்தச் செலவைத் தானாகத் தூக்க முடியாது. 2025-இல் வந்த தமிழ்நாட்டு விண்வெளித் தொழிற்கொள்கை ஐந்து ஆண்டில் 10,000 கோடி முதலீட்டையும் 10,000 வேலைகளையும் எதிர்பார்க்கிறது. அது புதிய மாவட்டங்களுக்கு ஊக்கம் தருவது நியாயம். பொதுச் சோதனைக் கூடம் ஒன்று வடசென்னையின் பழைய தொழில் வட்டாரத்திலும் வந்தால், கைத்திறன் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் வேகம் பிறக்கும். ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவிலிருந்து கிளம்பிய அக்னிகுல் 2024 மே 30 அன்று தன் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. தரமணியில் முளைக்கும் இந்தத் தொழில் பேசின் பிரிட்ஜ் பாலத்தைத் தாண்டி வடக்கே வருவதற்குள் எவ்வளவு காலம் ஆகும் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

விண்வெளியைப் படைகளுக்குத் திறந்துவிடுவதே தவறு என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கதவு ஏற்கெனவே திறந்துவிட்டது. 2019 ஜனவரியில் டிஆர்டிஓவின் மைக்ரோசாட்-ஆர் ஏறியது; மார்ச் 27 அன்று அதையே ஏவுகணையால் அடித்து நொறுக்கினோம். அவர்களின் கவலையில் ஒன்று மட்டும் எனக்குக் கனமாகப் படுகிறது. போருக்கும் வாழ்வுக்கும் ஒரே கலம் பயன்படும்போது, இரண்டில் எது மறைக்கப்படும்? ரிசாட்-2-ஐ ஊருக்கு அறிமுகப்படுத்தியபோது பேரிடர் மேலாண்மைக்கு என்றுதான் சொன்னார்கள். உக்ரைன் போரில், படைக்கு உதவும் வணிகச் செயற்கைக்கோள்கள் தாக்குதலுக்கு உரியவை ஆகலாம் என்று ரஷ்யா 2022-இல் ஐ.நா.வில் சொல்லிவிட்டது. இந்த இரட்டை வேடம் ஒரு பக்கம் கலத்துக்கே ஆபத்து. மறு பக்கம் அதன் படங்களைப் பூட்டிவைக்கக் காரணம். கடல் மேல் படர்ந்த எண்ணெய் அலையின் சிலிர்ப்பை அடக்கிவிடுவதால் ரேடார் படத்தில் கறுப்புத் திட்டாகத் தெரியும்; கப்பலைத் தேடும் அதே கண்ணுக்கு இதைக் காட்ட எந்தக் கூடுதல் செலவும் இல்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய கறுப்புக் குழம்பை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு இறங்கியபோதும் மீனவர்கள் கையாலேயே அள்ளினார்கள். திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது, நாளை காலை எந்தக் குப்பத்தைத் தொடும் என்று அவர்களுக்குச் சொல்ல, 52 செயற்கைக்கோள் திட்டத்தில் எந்த அலுவலகத்துக்கு உத்தரவு இருக்கிறது என்பதை இன்னும் யாரும் அறிவிக்கவில்லை.